ஏட்டுச் சுரைக்காயும் எழுத்தாணிப் பயிற்சியும்

பண்டித வகுப்பிலே பாடபேதம் கற்பிக்கும்போது ஆசிரியர்களாகிய நாம் ஒரு பழமொழியைத் தவறாது எடுத்தாளுகின்றோம். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்பது அது. நானும் இருபத்தைந்து ஆண்டுகளாக அதனைச் சொல்லி வந்துள்ளேன். சொல்லும்போதெல்லாம் மாணவர் நகைப்பர், நானும் நகைப்பேன், பின்னர் அடுத்த பாடத்துக்குச் செல்வோம்.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் அந்த நகைப்பு எழவில்லை. பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, ஏடெழுதினவர்கள் அறியாமையாற் பிழைவிட்டார்கள் என்று சொல்லுகிறீர்கள். நீங்கள் ஓர் ஏடாவது எழுதிப் பார்த்ததுண்டா?" என்று கேட்டாள். வினாவிலே பணிவுக் குறைவு சிறிதும் இல்லை. அறிய விரும்பியே கேட்டாள். இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. நூற்றுக்கணக்கான ஏடுகளைப் புரட்டியவன். ஏட்டுப்பிரதி ஒப்புநோக்கிக் குறிப்பெழுதியவன். எழுத்தாணியைக் காட்சிப்பெட்டிக்குள்ளே கண்டதல்லாமற் கையிலெடுத்தறியாதவன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் மற்றொரு பழமொழியும் அப்போது நினைவுக்கு வந்தது.

அந்த வினாவின் பின் நிகழ்ந்தவற்றையும், அவற்றால் நான் கொண்ட முடிபையும் ஆசிரிய நண்பர்கள் முன்னும் மாணவர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முடிபை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். பழைய நூல்களை ஆராய்வோர், அந்நூல்கள் எவ்வாறு ஆக்கப்பட்டனவோ அவ்வாறே ஒருமுறையேனும் தம் கையால் ஆக்கிப் பார்த்தல் வேண்டும். ஓலை வாரி எழுதுதலும், எழுத்துக் கோத்து அச்சிடுதலும், ஒரு தாளேனும் கையால் வார்த்தலும் பொழுதுபோக்கு அல்ல. அவை மூலபாட ஆராய்ச்சியின் உறுப்புக்கள்.

ஓலை கற்பித்த பாடம்

வினா எழுந்த வாரமே வேலையைத் தொடங்கினோம். எங்கள் அயலிற் பெட்டியும் பாயும் இழைக்கும் ஆச்சி ஒருவர் இருக்கின்றார். அவரே எங்களுக்கு ஆசிரியரானார். பனங்குருத்தை வெட்டுவித்து, சத்தகத்தால் ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, பெரிய பானையில் அவித்தோம். அவித்தவற்றை ஆவணி வெயிலிலே பரப்பினோம். மறுநாட் காலையிற் பார்த்தால் ஓலைகள் யாவும் சுருண்டு குழல்போலக் கிடந்தன. ஆச்சி நகைத்து, "தம்பி, ஓலை எழுதிறவன்ர சொல்லுக் கேளாது, வாட்டினவன்ர சொல்லுத்தான் கேக்கும்" என்றார். இரண்டாம் முறை நிழலில் உலர்த்தி, பனியில் வைத்து, எதிர்ப்புறமாகச் சுருட்டி, பலகையின் கீழ் அழுத்தி வைத்தோம். அறுபது ஓலையிற் பதினொன்றே எழுதத் தக்கனவாகத் தேறின. அவற்றிலும் இரண்டு, ஐப்பசி மழையிற் பூஞ்சணம் பிடித்துக் கெட்டன.

ஏடு ஒன்றின் விலை எத்துணை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நம் முன்னோர் பாட்டை அடியடியாகப் பிரித்து எழுதாமல், நிறுத்தக் குறியின்றி, ஓரத்திலிருந்து ஓரம்வரை நெருக்கி எழுதியதனைச் சிக்கனம் என்று ஒரு சொல்லில் வகுப்பிற் சொல்லி முடிப்பேன். பதினொரு ஓலையைக் கையில் வைத்திருப்பவனுக்கு அச்சொல்லின் பொருள் வேறு.

பின்னர் எழுதத் தொடங்கினேன். தாளில் எழுதும்போது கை நகரும், தாள் நிற்கும். ஓலையிலோ எழுத்தாணி இடக்கைப் பெருவிரலின் அணைவிலே ஏறக்குறைய நின்ற நிலையில் நிற்க, இடக்கைதான் ஓலையை நகர்த்துகின்றது. பழைய எழுத்தாளர் சிலர் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதிற் சிறு வெட்டு வைத்து, எழுத்தாணிக்கு அணையாக்கிக் கொண்டனர் என்பதைப் படித்திருக்கின்றேன். ஏனென்பது முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. முதல்நாள் ஒரு மணி நேரத்தில் எழுதியவை நான்கு வரிகள்.

அந்த நான்கு வரிகளில் என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. எழுதிய எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை! ஓலையில் எழுத்தாணி கீறுவது நிறமற்ற கீற்று. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய நிழலாக அது தோன்றும். நேரே பார்த்தால் வெற்றோலையாகவே இருக்கும். விளக்குக்கரியை ஊமத்தை இலைச் சாற்றிற் குழைத்துப் பூசித் துடைத்த பின்னரே எழுத்து எழுந்து நிற்கின்றது. ஆகவே ஏடெழுதுவோன் பெரும்பாலும் தான் எழுதியதைப் பாராமலே எழுதுகின்றான். முன்னைய சொல்லை எழுதினேனா இல்லையா என்ற ஐயம் ஒவ்வொரு முறை தலைநிமிரும்போதும் எழுகின்றது. எழுதினேன் என்று எண்ணி விட்டுவிட்டாற் சொல் குறையும். எழுதவில்லை என்று எண்ணி மீண்டும் எழுதினாற் சொல் இரட்டிக்கும். என் நான்கு வரிகளுக்கு மையாடிப் பார்த்தபோது, ஓரிடத்தில் ஒரு சீர் இல்லை; மற்றோரிடத்தில் ஓரசை இருமுறை வந்திருந்தது. இத்துணைக்கும் நான் எழுதியது பத்து வயதில் மனனஞ் செய்த பாட்டு. அறியாமையாற் பிழைவிட்டேன் என்று எவரேனும் சொல்லுவாராயின் நான் ஒப்பேன்.

ஏட்டில் அழிப்பதற்கு வழியில்லை என்பதையும் கருதுக. கீறியது கீறியதே. அதனாற்றான் பிழைபட்ட எழுத்தின்மேற் கோடிழுத்தும், விடுபட்டதை வரியிடையிற் சிறிதாகச் செருகியும் பழைய எழுத்தாளர் தம் வழுவைத் தாமே திருத்தினர். அத்தகைய திருத்தம் மிகுந்த ஏட்டைக் கண்டால் முன்னெல்லாம் கவனமற்றவன் எழுதியது என்று ஒதுக்குவேன். இப்போது அதனையே முதலில் எடுக்கின்றேன். திருத்தம் உடைய ஏடு, மையாடிய பின் மீண்டும் படிக்கப்பட்ட ஏடு.

புள்ளியும் வளைவும்

வகுப்பறைகளில் வழிவழியாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு உண்டு. புள்ளி வைத்தால் ஓலை துளைபடும், ஆதலால் ஏடுகளிற் புள்ளி இல்லை என்பது ஒன்று. நேர்கோடு இழுத்தால் ஓலை பிளக்கும், ஆதலால் எழுத்துக்கள் வளைந்தன என்பது மற்றொன்று. இரண்டையும் நானும் ஐயுறாது கற்பித்தவனே.

கையால் எழுதிப் பார்த்தபோது இரண்டும் முழுமையாக நிற்கவில்லை. நன்கு பதப்பட்ட ஓலையில் எழுத்தாணியை மெல்லத் தொட்டு எடுத்தாற் புள்ளி விழுகின்றது, துளை விழவில்லை. மெலிந்து முறுகிய ஓலையிலேதான் துளைபடுகின்றது. அன்றியும், துளைபடும் அச்சமே காரணமாயின் கல்லிலே புள்ளி இருத்தல் வேண்டும். இடைக்காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்களிற் பெரும்பாலானவற்றிலும் புள்ளி இல்லை. மெய்க்கும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி பெறுதலைத் தொல்காப்பியம் விதித்துள்ளது. அவ்விதியை எழுதுவோர் கைவிட்டமைக்கு, படிப்போர் தமிழறிந்தோர் என்ற நம்பிக்கையும், கை விரைவு வேண்டியமையும் காரணமாகலாம் என்று இப்போது எண்ணுகின்றேன். புள்ளிதோறும் எழுத்தாணியைத் தூக்கி நட்டு எடுக்க வேண்டியிருந்தமையால் என் வேகம் வெகுவாகக் குறைந்தது. நேர்கோட்டின் செய்தியும் இத்தகையதே. நார்வழியே அழுத்தி இழுத்தால் ஓலை பிளக்கும், உண்மை. ஆயின் டகரமும் பகரமும் நேர்கோடு உடையனவாகவே நம்மிடம் வந்து சேர்ந்துள்ளன. ஓலை எழுத்தை மாற்றியது என்பது மெய்யே. எத்துணை மாற்றியது என்பதை எழுதிப் பாராதவர் அளவிட்டுக் கூறுதல் இயலாது.

புள்ளியின்மையால் விளைந்த இடர்ப்பாடு யாவரும் அறிந்ததே. எரி என்பதும் ஏரி என்பதும் ஒரே வடிவின. காலும் ரகரமும் ஒன்றுபோலிருத்தலின் தர என்பதும் தா என்பதும் வேற்றுமை இல. கொடு என்று நாம் படிப்பதை மற்றொருவர் கோடு என்று படிக்கலாம். பொருளறியாதவர் கெரடு என்றும் படிக்கலாம். நெட்டெழுத்துக்களை வேறுபடுத்த வீரமாமுனிவர் செய்ததாகக் கூறப்படும் திருத்தம் பதினெட்டாம் நூற்றாண்டினது. அதற்கு முன்னெழுந்த ஏடுகளைப் படித்த நம் முன்னோர் கண்ணால் மட்டும் படித்தாரல்லர். இலக்கணத்தாலும் யாப்பாலும் படித்தனர். இது நமக்குத் தெரிந்த செய்தி. நமக்குத் தெரியாதது, கையாலும் படிக்க வேண்டிய இடங்கள் உள என்பது.

நான் செய்த பிழை

அத்தகைய ஓரிடத்தை இங்கே வெளிப்படையாகக் கூறுதல் என் கடமை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊரம்மன்மீது பாடப்பட்ட சிறு பதிகமொன்றை ஒரு குடும்பத்தாரிடமிருந்த ஏட்டைக் கொண்டு ஆண்டு மலரொன்றிற் பதிப்பித்தேன். ஏழாம் பாட்டில் ஒரு சொல்லின் நடுவே ஓரெழுத்துக் கொள்ளுமளவு வெற்றிடம் இருந்தது. அங்கே எழுத்தொன்று மாய்ந்தது எனக் கொண்டேன். பொருந்தக்கூடிய எழுத்தொன்றைப் பெய்தேன். பெய்தபின் சீர் நீண்டது. ஆதலின் அடுத்த சொல்லில் ஓரெழுத்தைக் குறைத்து, அதுவும் எழுதினவன் பிழை என்று அடிக்குறிப்பு வரைந்தேன். அக்குறிப்பிலே ஏடெழுதினவரைக் கல்வியறிவு குறைந்தவர் என்றும் குறிப்பிட்டேன்.

சென்ற மார்கழியில் எங்கள் ஓலைகளில் எழுதிக்கொண்டிருக்கையில், ஓரிடத்தில் நார் தடித்து முடிச்சுப்போல் இருந்தது. எழுத்தாணி அதன்மேல் ஏறி வழுக்கிற்று. இரண்டு முறை முயன்றபின், அவ்விடத்தை விட்டு அப்பாற் சென்று எழுதினேன். சொல்லின் நடுவே ஓரெழுத்தளவு வெற்றிடம் விழுந்தது. கையிலிருந்த எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன்.

மறுவாரம் அக்குடும்பத்தாரிடம் சென்று அவ்வேட்டை மீண்டும் வாங்கிப் பார்த்தேன். வெற்றிடத்தின்மேல் விரலை வைத்தால் நாரின் தடிப்பு இன்றும் விரலில் இடறுகின்றது. அவ்விடத்தில் எழுத்து மாயவில்லை. எழுதியவர் கரட்டைத் தாண்டிச் சென்றிருக்கின்றார். அவர் எழுதியவாறே படித்தாற் சீரும் நிரம்புகின்றது, பொருளும் செவ்விதாகின்றது. கல்வியறிவு குறைந்தவர் அவரல்லர். இருபது ஆண்டுகளாக அப்பதிகத்தை அவ்வூர்க் கோயிலிலே என் பிழையோடு பாடி வருகின்றார்கள். இதனைவிட வேறென்ன சான்று வேண்டும்?

பிறநாட்டார் செய்தவை

இது தமிழர்க்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. ஆங்கில நாட்டிலே சேக்ஸ்பியர் காலத்து நூல்களைப் பதிப்பித்தோரும் இவ்வாறே இடறினர். மக்கெரோ என்னும் அறிஞர், எலிசபெத் காலத்து நூலொன்றைப் பதிப்பிக்க விரும்புவோர் அக்கால முறைப்படி ஓரிரு தாளைத் தாமே எழுத்துக்கோத்து அச்சடித்துப் பார்த்தல் நன்று என 1913ஆம் ஆண்டிலேயே கூறினார். இலக்கிய மாணவர்க்கென நூலியல் பற்றி அவர் எழுதிய நூல் 1927இல் வெளிவந்தது. அக்கருத்து வீண்போகவில்லை. பல்கலைக்கழகங்கள் பல கைப்பொறிகளைத் தேடி வாங்கின. கேம்பிரிட்ஜில் பிலிப் காஸ்கல் அத்தகைய பொறியொன்றைக் கல்லூரியிலே வைத்துக் கற்பித்தார். நியூசிலாந்து நாட்டு வெலிங்டன் நகரிலே மக்கென்சி 1962இல் அத்தகைய அச்சகமொன்றை நிறுவினார். காஸ்கல் 1972இல் எழுதிய நூலியல் அறிமுகம் இன்றும் அத்துறையினர் கைந்நூலாக விளங்குகின்றது.

அச்சுக்கோப்போரின் தொழின்முறையை நுணுகி ஆராய்ந்ததனால் விளைந்த பயனுக்கு ஓர் உதாரணம் போதும். சேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுதி 1623இல் அச்சாயிற்று. அதிற் சிலவிடங்களிற் செய்யுள் உரைநடையாக நெருக்கப்பட்டும், வேறு சிலவிடங்களில் உரைநடை செய்யுள்போல முறித்து விரிக்கப்பட்டும் கிடக்கின்றன. புலவன் கருத்து யாதோ என்று பலர் ஆராய்ந்தனர். ஹின்மன் என்பவர் அத்தொகுதியின் பிரதிகள் பலவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, அது பக்கவரிசைப்படி கோக்கப்படவில்லை என்பதை நிறுவினார். அவரது நூல் 1963இல் வெளிவந்தது. ஒரு தாளின் ஒரு புறத்தில் விழவேண்டிய பக்கங்களை முன்பின்னாகக் கோப்பதற்காக, எந்தப் பக்கத்தில் எவ்வளவு அடங்கும் என்று முன்னரே கணக்கிட்டனர். கணக்குப் பிழைத்த இடத்தில் இடம் போதவில்லை, அல்லது மிஞ்சிற்று. நெருக்கியதும் விரித்ததும் அதனாலேயாம். புலவன்மேல் ஏற்றப்பட்டிருந்தது எழுத்துக்கோப்பவரின் கணக்கு.

காகிதத்தின் செய்தியும் இவ்வாறே. அமெரிக்கரான டார்ட் ஹன்ரர் காகிதத்தைத் தாமே வார்த்து, எழுத்தைத் தாமே வெட்டி உருக்கி, தாமே அச்சிட்டு நூல் வெளியிட்டவர். காகிதத் தொழிலின் வரலாற்றை எழுதுவதற்காக ஆசிய நாடுகளிற் சுற்றி அலைந்தவர். 1943இல் வெளிவந்த அவர் நூலை வெறும் ஏட்டறிவினர் எழுதியிருத்தல் இயலாது. அவருக்குப் பின் வந்த திமொதி பரெற், யப்பான் சென்று அந்நாட்டுக் கைக்காகிதத் தொழிலைக் கற்று, பின்னர் அயோவாப் பல்கலைக்கழகத்திலே ஐரோப்பிய முறையை ஆராய்ந்தார். கையால் வார்ப்பவராதலின் அவருக்கு எழுந்த வினா தொழிலாளியின் வினா: பழைய தாள் ஏன் பிற்காலத்துத் தாளைவிட நன்றாக இருக்கின்றது? பதினான்காம் நூற்றாண்டு முதற் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலான 1578 தாள்களை அவரும் உடனுழைத்தோரும் சிதைக்காமலே சோதித்தனர். நல்ல நிலையிலுள்ள பழந்தாள்களில் விலங்குப் பசையும் சுண்ணச் சத்தும் மிகுந்திருக்கக் கண்டனர். பேணுதற்கலைக்கு இது பெரிதும் பயன்பட்டது.

நம் நூலகங்களில் இதன் மறுபுறத்தைக் காணலாம். முந்நூறு ஆண்டு வயதுடைய ஏடு எண்ணெய் பூசப்பெற்று இன்றும் வளைந்து கொடுக்கின்றது. நூறு ஆண்டு வயதுடைய அச்சு நூல் தொட்டவுடன் பழுப்பு நிறத் தூளாக உதிர்கின்றது. மரக்கூழும், படிகாரமும் குங்கிலியமும் கலந்த பசையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காகிதத்துட் புகுந்தமையே காரணம். அவை தாளினுள் அமிலத்தை விளைத்து நாரை அறுக்கின்றன. ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றிவிட்டோம், இனி அழிவில்லை என்று நம் முன்னோர் ஆறுதலடைந்தனர். அவ்வாறுதலுக்குக் காகிதம் இடந்தரவில்லை.

நம்மவர் மரபு

பிறநாட்டாரைச் சொல்லி நம்மவரை மறத்தல் தகாது. தமிழ் அச்சுக்கலையின் தொடக்கமே கைத்தொழிலறிவின் வரலாறு. தரங்கம்பாடிக்கு 1712இல் அச்சுப்பொறி வந்தது. மறு ஆண்டில் ஜெர்மனியின் ஹால்லே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவ்வெழுத்துக்கள் பெரியன; காகிதமோ அரியது. பெரிய எழுத்தால் அச்சிட்டாற் காகிதம் போதாது என்று கண்டு, அங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தனர். அயலிலுள்ள பொறையாற்றிலே காகித ஆலையொன்றையும் அமைக்க முயன்றனர். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இன்று நாம் காணும் அச்செழுத்தின் அளவிலும் காகிதப் பஞ்சத்தின் சுவடு உண்டு.

நம் நாட்டில் நாவலர் பெருமான் 1849இற் சென்னைக்குச் சென்று அச்சுயந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையிலே நிறுவினார். அவர் பதிப்பித்தவை பிழையற்றன என்று புகழ்கின்றோம். இலக்கணப் புலமை ஒன்றே அதற்குக் காரணம் என்று கொள்ளுகின்றோம். தம் பதிப்புக்குத் தாமே அச்சுக்கூடம் நிறுவி, எழுத்துக் கோக்குமிடத்துக்கும் ஒப்புநோக்குமிடத்துக்கும் இடைவெளி இல்லாமற் செய்த புலவர் அவர் என்பதையும் உடன் கருதுதல் வேண்டும். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தொடும்போதே ஏடுகள் சிதைவதைக் கண்டு நொந்து எழுதியுள்ளமையை அவர்தம் பதிப்புரைகளைப் படித்தோர் அறிவர். அவருக்கும் உ. வே. சாமிநாதையர் அவர்களுக்கும் ஏடு கைப்பழக்கமான பொருள். சரடு, நாராசம், கிளிமூக்கு, சட்டம் என்னும் சொற்கள் அவர்களுக்கு வழக்குச் சொற்கள். நம் மாணவர்க்கு அகராதிச் சொற்கள்.

எழுத்துக்கோத்தல் கற்பித்த பாடத்தையும் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். எங்கள் கல்லூரிக் களஞ்சியத்தில் காலால் மிதித்து இயக்கும் பழைய அச்சுயந்திரமொன்று உண்டு. முன்னர் பரீட்சைத் தாள்களும் விழா அழைப்புக்களும் அதில் அச்சாயின. ஈய எழுத்துக்கள் சிலவும் அறைப்பெட்டிகளோடு எஞ்சியுள்ளன. முன்னாள் அச்சுக்கோப்பாளர் ஒருவரை அழைத்து, ஐந்து மாணவரைப் பத்து வரி கோக்கச் செய்தேன். எழுத்து ஒவ்வொன்றும் இடம் வலம் மாறி நிற்கும். உகர ஊகாரம் ஏறிய எழுத்துக்கள் தனித்தனி வார்ப்புக்கள். கோத்து அச்சிட்டபின் எழுத்துக்களைப் பிரித்து மீண்டும் அறைகளில் இடவேண்டும். அப்போது லு இருக்கும் அறையில் லூ விழுந்தால், அடுத்து வருபவன் பாராமலே எடுத்துக் கோப்பான். அது பிழையாக அச்சேறும். அவனுக்குக் குறில் நெடில் தெரியாமலில்லை. பிழை விளைந்தது நேற்று, வேறொருவர் கையில். பழம்பதிப்புக்களில் ஒரே வகைப் பிழை சில பக்கங்களிற் கூட்டமாக வந்து பின் மறைவதைக் கண்டு திகைத்திருக்கின்றேன். காரணத்தை ஒரு மாணவனின் கையழுக்கிற் கண்டேன். எட்டாம் வரியில் ழகரம் தீர்ந்துபோயிற்று. "ஐயா, ழகரம் வராதபடி இந்த வரியை மாற்றலாமா?" என்று அவன் கேட்டான். முன்னும் எத்தனை பேர் அவ்வாறு கேட்டிருப்பார்களோ?

மறுப்பும் விடையும்

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். அவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்ளுகின்றேன்.

பரீட்சைக்கு இவை வாரா, நேரமோ இல்லை என்பர் சிலர். இரண்டாண்டு வகுப்பில் ஆறு சனிக்கிழமைகள் போதும். பாடபேதம் பற்றி நான் நிகழ்த்தும் விரிவுரைகளிற் பாதியை அந்த ஆறு நாட்கள் தேவையற்றனவாக்கும்.

ஏடுகளையும் நூல்களையும் கணினியில் ஒளிப்படமாக ஏற்றுகின்றார்களே, இனி இத்தொல்லை எதற்கு என்பர் வேறு சிலர். அப்பணியை நான் மனமார வாழ்த்துகின்றேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலானதை அறிந்த எவரும் அதனைக் குறைகூறார். ஆயினும் என் பதிகத்து ஏட்டின் ஒளிப்படத்தை ஆயிரம் முறை பெருக்கிப் பார்த்தாலும் நாரின் தடிப்பு விரலில் இடறாது. அங்கே வெற்றிடமே தெரியும். வெற்றிடத்தின் பொருளை உணர, எழுதிய கை வேண்டும். மூலம் அழிந்து படம் மட்டும் எஞ்சும் காலத்திலோ, அப்படத்தைப் படிப்பவனுக்கு அக்கையறிவு இன்னும் மிகுதியாக வேண்டும்.

மூன்றாவது மறுப்பு வலியது. இரண்டு மாதம் ஓலை கீறிய பண்டிதர், வாழ்நாளெல்லாம் ஏடெழுதிப் பிழைத்தவரின் கையை அறிந்துவிட்டதாக எண்ணுதல் பேதைமை அன்றோ? ஆம், பேதைமையே. மேலே கூறிய மக்கென்சியே இதனை எச்சரித்தார். கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழக அச்சகத்தின் பழைய கணக்கேடுகளை ஆராய்ந்து, அச்சகத்தார் இப்படித்தான் வேலைசெய்திருப்பர் என்று அறிஞர் கற்பித்தவை பல உண்மைக்குப் புறம்பானவை என்று 1969இல் ஒரு கட்டுரையால் விளக்கினார். ஒரு மணிக்கு நான்கு வரி எழுதிய என் வேகத்தைக் கொண்டு பழைய எழுத்தாளரின் வேகத்தைக் கணித்தல் தவறு. என் ஓலை பிளந்தது கொண்டு அவர் ஓலையும் பிளந்தது என்றல் தவறு. கைப்பயிற்சி முடிபைத் தருவதில்லை. அது வினாவைத் தருகின்றது. விடையை ஏட்டிலும் ஆவணத்திலுமே தேடவேண்டும். நான் ஆச்சியிடமிருந்து நேரே ஆண்டு மலருக்குப் போகவில்லை. பழைய ஏட்டுக்குத் திரும்பிப் போனேன்.

ஒரு விண்ணப்பம்

இக்கட்டுரையை இவ்வாரம் எழுதுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. களஞ்சியத்தைத் துப்புரவு செய்யும் பொருட்டு, மேற்கூறிய அச்சுயந்திரத்தையும் ஈய எழுத்துக்களையும் பழைய இரும்பு வாங்குவோர்க்கு நிறைப்படி கொடுத்துவிடலாம் என்று ஆலோசனை நடைபெறுகின்றது. ஆலோசிப்போர் தீயரல்லர். அவர்களுக்கு வகுப்பறை வேண்டும். கூரைக்குப் பணம் வேண்டும். இத்தகைய ஆலோசனை எங்கள் கல்லூரியில் மட்டும் நிகழ்வதன்று. நம் நகரங்களில் ஈய எழுத்து அச்சகங்கள் மூடப்பட்டபோது எழுத்துக்கள் எத்துணை மூட்டைகளாகக் கட்டப்பட்டு உருக்குவதற்குச் சென்றன என்பதை நாம் கண்டோம். தமிழ் நூல்களைத் தந்த எழுத்துக்கள் மீன்வலையின் ஈயக்குண்டுகளாயின.

யந்திரம் விலைபோனால் அதன் நிறைக்கு ஒருமுறை பணம் வரும். இருந்தால் ஆண்டுதோறும் இருபது மாணவர்க்கு ஒரு பாடம் வரும். பண்டித வகுப்பிற் பயிலும் ஒவ்வொருவரும் ஐந்து ஓலை வாரி ஒரு பாட்டை எழுதி மையாடட்டும்; பத்து வரி கோத்து ஒரு பக்கம் அச்சிடட்டும்; பழந்துணியை ஊறவைத்து இடித்து ஒரு தாள் வார்க்கட்டும். தாம் விட்ட பிழைகளைத் தாமே பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ஏன் விளைந்தது என்று எழுதட்டும். அதற்குமேல் நான் வேண்டுவது ஒன்றுமில்லை. ஓலை வாரத் தெரிந்த முதியோரும், எழுத்துக்கோக்கத் தெரிந்த முதியோரும் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் எத்தனை ஆண்டு இருப்பர் என்பதை யந்திரத்தின் நிறையைக் கணக்கிடுவோர் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யந்திரம் கல்லூரியில் நிலைக்குமாயின், அதில் முதலில் அச்சேற வேண்டிய தாள் எது என்பதை முடிவு செய்துவிட்டேன். ஊரம்மன் பதிகத்தின் ஏழாம் பாட்டை, ஏட்டில் உள்ளவாறே, நானே எழுத்துக்கோத்து, கீழே என் பெயரோடு பிழைதிருத்தம் என்று அச்சிட்டு, அக்கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகின்றேன். அன்று வினவிய மாணவி ஒப்புநோக்கித் தருவதாகச் சொல்லியிருக்கின்றாள்.